மாற்றுச் சிலிண்டரில் எதை நிரப்புவது?

திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் கோயிலின் மூலவர் ஆதிவராகர். கடலுக்குள் போன பூமிதேவியை மீட்டு இடப்பக்கம் ஏந்தி நிற்கிறார். அவ்வளவு ஆழத்தில் மூச்சுக்கு என்ன செய்தார் என்று புராணம் சொல்வதில்லை, தேவையும் இல்லை. கோயிலுக்குக் கிழக்கே இருக்கும் அதே வங்கக் கடலில் இன்று முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்குகிற மனிதர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. மேலே இருக்கும்போதே மூச்சைக் கணக்குப் பார்த்து எடுத்துப்போக வேண்டும்.

முதுகுச் சிலிண்டரின் கணக்கு எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தரப்படுகிறது. விலாப்பக்கம் தொங்கும் இரண்டாவது சிறு சிலிண்டரைப் பற்றித்தான் பேச்சு குறைவு. ரெகுலேட்டர் பழுதானாலோ, குழாய் வெடித்தாலோ, துணைக்கு வந்தவர் கலங்கிய நீரில் காணாமல் போனாலோ வாயில் வைத்துக்கொண்டு மேலே வர உதவுவது இதுதான். ஸ்கூபாக்காரர்கள் போனி என்பார்கள். இதில் எந்த வாயுவை நிரப்புவது என்ற கேள்விக்கு மூன்று கட்சிகள் உண்டு. சாதாரணக் காற்றே போதும் என்பது முதல் கட்சி. முதுகில் எது இருக்கிறதோ அதுவே இதிலும் இருக்கட்டும் என்பது இரண்டாவது. ஆக்சிஜன் கூடுதலான கலவையைப் போட்டால் மேலே வரும் வழியில் உடம்பிலிருந்து நைட்ரஜன் சீக்கிரம் கழியும், ஆகவே அதுதான் புத்திசாலித்தனம் என்பது மூன்றாவது. நான் காற்றுக் கட்சி. ஆனால் மற்ற இரண்டு கட்சியும் சும்மா பேசவில்லை. அவர்கள் வாதத்தைக் கேட்காமல் தள்ள முடியாது.

முதலில் ஒரு பொதுவான நம்பிக்கையை ஒதுக்கிவிடலாம். முக்குளிப்பவர் முதுகில் இருப்பது ஆக்சிஜன் சிலிண்டர் என்றே கரையில் நிற்பவர்கள் நினைக்கிறார்கள். இல்லை. நாம் சுவாசிக்கும் இதே காற்றைத்தான் வடிகட்டி, 200 பார் அளவுக்கு அழுத்தி அடைக்கிறார்கள். அதில் ஆக்சிஜன் 21 சதவீதம். மிச்சத்தில் பெரும்பங்கு நைட்ரஜன். தூய ஆக்சிஜனை அடைத்துக்கொண்டு 20 மீட்டர் இறங்கினால் உயிரோடு திரும்புவது சந்தேகம்.

காரணம் அழுத்தம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு பார் கூடுகிறது. மேலே ஒரு பார், 10 மீட்டரில் இரண்டு, 30 மீட்டரில் நான்கு. சுவாசிக்கும் வாயுவில் ஆக்சிஜனின் பங்கை இந்த அழுத்தத்தால் பெருக்கினால் அதன் பகுதி அழுத்தம் கிடைக்கும். அது ஓர் அளவைத் தாண்டினால் ஆக்சிஜனே மூளைக்கு நஞ்சு. பிரான்சின் பால் பெர் 1878இல் வெளியிட்ட அழுத்த ஆய்வு நூலில் இதைக் காட்டினார். ஜே.பி.எஸ். ஹால்டேன் தன் உடம்பிலேயே காட்டினார். 1939இல் தீட்டிஸ் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் இறந்தபின், பிரிட்டிஷ் கடற்படைக்காக அழுத்த அறைக்குள் உட்கார்ந்து ஆக்சிஜனைச் சுவாசித்து வலிப்பு வரவழைத்துக்கொண்டவர் அவர். ஒரு வலிப்பில் முதுகெலும்பு நசுங்கியது. பிறகு 1957இல் இந்தியாவுக்கே வந்து குடியேறி, குடியுரிமை பெற்று, 1964இல் புவனேஸ்வரில் இறந்தார். மரபியலுக்காக நாம் நினைவில் வைத்திருக்கும் அந்த மனிதரின் முதுகுவலிக்குக் காரணம் இந்த வாயுதான்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் கென்னத் டொனால்ட் நூற்றுக்கணக்கான முக்குளிப்புகளை வைத்துச் சோதித்தபோது இன்னொன்று தெரிந்தது. ஆக்சிஜனை ஒருவர் எவ்வளவு தாங்குவார் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. அதே ஆளுக்கே நாளுக்கு நாள் மாறுகிறது. நேற்று ஒன்றும் ஆகவில்லை என்பது இன்றைக்கு உத்தரவாதம் ஆகாது. முன்னறிகுறி எதுவும் இல்லாமலே வலிப்பு வரலாம். கரையில் வலிப்பு வந்தவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். தண்ணீருக்கடியில் வந்தால் ரெகுலேட்டர் வாயிலிருந்து விழும், அடுத்த மூச்சில் கடல் உள்ளே போகும். அதனால்தான் இன்றைய பொழுதுபோக்கு முக்குளிப்பில் 1.4 பாரை வேலை நேர எல்லையாகவும், 1.6 பாரை எந்த நிலையிலும் தாண்டக் கூடாத எல்லையாகவும் வைத்திருக்கிறார்கள்.

இந்த எல்லைகளைக் கலவைகளோடு பொருத்திப் பார்த்தால் படம் தெளிவாகிறது. 1.4 பார் கணக்கில் காற்றை 56 மீட்டர் வரை சுவாசிக்கலாம். 32 சதவீத ஆக்சிஜன் உள்ள நைட்ராக்ஸ் கலவை 33 மீட்டரோடு நின்றுவிடுகிறது. 36 சதவீதம் என்றால் 28 மீட்டர். 50 சதவீதக் கலவையை 1.6 பார் வரை விட்டுக்கொடுத்தாலும் 22 மீட்டர்தான். தூய ஆக்சிஜனுக்கு 6 மீட்டர்.

அப்படியிருக்க நைட்ராக்ஸை ஏன் விரும்புகிறார்கள்? நைட்ரஜன் குறைவு, அதனால் அடியில் தங்கும் நேரம் கூடுதல். 30 மீட்டரில் காற்றோடு சுமார் 20 நிமிடம் என்றால் 32 சதவீதக் கலவையோடு சுமார் 30 நிமிடம் இருக்கலாம், வழியில் நின்று நைட்ரஜன் கழிக்கும் கட்டாயம் இல்லாமல். அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிறுவனமான நோவா 1970களின் இறுதியில் தன் ஆய்வாளர்களுக்கு இதை அனுமதித்தது. 1990களின் தொடக்கத்தில் பேய்வாயு என்ற அளவுக்குத் திட்டு வாங்கிய கலவை இன்று சாதாரணப் பயிற்சி வகுப்பு. முதுகுச் சிலிண்டரில் அதன் லாபம் உண்மையானது. அதில் எனக்குத் தகராறு இல்லை.

விலாப்பக்கச் சிலிண்டரில்தான் அந்த லாபம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. அவசரத்தில் அதைச் சுவாசிக்கப்போவது மேலே வருகிற ஐந்தாறு நிமிடம். உடம்பு நைட்ரஜனை வாங்கியதெல்லாம் அதற்கு முன்பே முடிந்த கதை. அந்த ஐந்தாறு நிமிடத்தில் 32 சதவீதத்தைச் சுவாசித்தாலும் 21 சதவீதத்தைச் சுவாசித்தாலும், நிறுத்தம் தேவைப்படாத முக்குளிப்பில் பெரிய வித்தியாசம் வராது. கையில் கட்டியிருக்கும் டைவ் கம்ப்யூட்டர் நீங்கள் இன்னும் நைட்ராக்ஸில் இருப்பதாக நினைத்துக்கொண்டு கணக்குப் போடும். அந்தப் பிசகும் சிறியது. ஆழத்து மயக்கத்தை நைட்ராக்ஸ் குறைக்கும் என்ற வாதமும் நிற்பதில்லை. ஆக்சிஜனும் நைட்ரஜன் மாதிரியே போதை தரக்கூடியது என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

லாபம் இவ்வளவு சிறியது என்றால் நஷ்டத்தைப் பார்க்க வேண்டும். இங்கேதான் போனியின் தனிக்குணம் வருகிறது. முதுகுச் சிலிண்டர் தினமும் காலியாகித் தினமும் நிரம்புகிறது; அதில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு காலையும் ஒருவர் அளந்து பார்க்கிறார். போனி அப்படியல்ல. காரில் ஸ்டெப்னி கிடப்பதுபோல் மாதக்கணக்கில் தொடப்படாமல் கிடக்கும். மார்ச்சில் 25 மீட்டர் முக்குளிப்புக்காக 36 சதவீதம் நிரப்பியதை யாரும் பயன்படுத்தவில்லை. ஜூனில் அதே சிலிண்டரை மாட்டிக்கொண்டு 38 மீட்டருக்குப் போகிறார்கள். 4.8 பாரை 0.36ஆல் பெருக்கினால் 1.73. எல்லைக்கு வெளியே. அதுவும் பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்கி, உடம்பில் கரியமில வாயு தேங்கியிருக்கும் நேரத்தில். ஆக்சிஜன் வலிப்புக்கு அதைவிடத் தோதான நேரம் கிடையாது.

சிலிண்டரின் தோளில் ஒட்டப்படும் அந்த வெள்ளை டேப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆக்சிஜன் அளவியின் முனையில் வாயுவை மெல்லத் திறந்துவிட்டு, எண் நிலைக்கும்வரை காத்திருந்து, மார்க்கர் பேனாவால் சதவீதம், அதிகபட்ச ஆழம், தேதி, அளந்தவரின் கையெழுத்துச் சுருக்கம் என்று எழுதுவார்கள். இரண்டு நாள் உப்புத்தண்ணீரில் போய்வந்தால் 32 என்பது 82 மாதிரியும் தெரியும், 52 மாதிரியும் தெரியும். மூன்றாம் நாள் டேப்பே இருக்காது. உள்ளே காற்று என்றால் டேப் போனாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

இன்னொரு தவறும் உலகம் முழுக்க நடப்பது. படகில் ஆடிக்கொண்டே உபகரணம் மாட்டும்போது, முதுகுச் சிலிண்டரின் ரெகுலேட்டர் என்று நினைத்து போனியின் ரெகுலேட்டரை வாயில் வைத்து இறங்கிவிடுவது. போனியில் காற்று இருந்தால் சில நிமிடத்தில் தீரும், அது ஒரு கெட்ட அதிர்ச்சி. ஆனால் முதுகில் முழுச் சிலிண்டர் இருக்கிறது. போனியில் 50 சதவீதம் இருந்தால் 30 மீட்டரில் பகுதி அழுத்தம் 2 பார். அந்தத் தவறைச் செய்தவர் அதைக் கண்டுபிடிக்க உயிரோடு இல்லாமலே போகலாம். அவசரச் சிலிண்டர் என்பது யோசிக்க முடியாத நிலையில் இருக்கும் ஒருவருக்கானது. அவர் ஆழமானியைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

வாயுவைப் பற்றி இவ்வளவு வாதாடுகிறவர்கள் அளவைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் மழுப்புகிறார்கள். என் கணக்கில் அதுதான் பெரிய கேள்வி. அமைதியாக இருப்பவர் நிமிடத்துக்கு 15, 20 லிட்டர் சுவாசிப்பார். பதறியவருக்கு 30 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 30 மீட்டரில் நான்கு பார், ஆகவே நிமிடத்துக்கு 120 லிட்டர். நிலைமையைச் சமாளிக்க அங்கேயே ஒரு நிமிடம் போகிறது. நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் ஆழத்துக்கு ஏற மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்குச் சுமார் 230 லிட்டர். அங்கே மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்துக்கு 135. கடைசி ஏற்றத்துக்கு 20 சொச்சம். மொத்தம் 500 லிட்டரைத் தாண்டுகிறது. 3 லிட்டர் சிலிண்டரில் 200 பார் இருந்தால் 600 லிட்டர். போதும், ஆனால் மிஞ்சாது. 2 லிட்டர் என்றால் நிறுத்தத்தை விட்டுவிட்டு நேரே மேலே வரலாம். கையடக்கமான 85 லிட்டர் குப்பிகளும் விற்கிறார்கள். 30 மீட்டரில் அது ஒரு நிமிடம்கூட வராது. 10, 12 மீட்டருக்கு மேல் போகாதவருக்கு அது உதவும். மற்றவர்களுக்கு அது மனத்திருப்திக்கான நகை.

இந்தக் கரையின் வெயிலும் இந்தக் கணக்கில் கைவைக்கிறது. கம்ப்ரசரிலிருந்து சுடச்சுட இறக்கிய சிலிண்டர் 50 டிகிரியில் 200 பார் காட்டினால், 28 டிகிரிக் கடலில் அது 186தான். 3 லிட்டரில் 40 லிட்டர் அங்கேயே போயிற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார் டிக்கியில் கிடந்து சூடான சிலிண்டரின் மானியை நம்பி இறங்கக் கூடாது என்பது இதனால்தான்.

இனி ஆழத்தோடு பொருத்திப் பார்க்கலாம். திருவிடந்தைக்குத் தெற்கே மாமல்லபுரத்தில் 2002 ஏப்ரலில் கோவா தேசியக் கடலாய்வு நிறுவனமும் பிரிட்டனின் அறிவியல் ஆய்வுப் பயணச் சங்கமும் சேர்ந்து கடலடியில் ஆய்வு செய்தன. கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தொலைவில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் சுவர்களும் செதுக்கிய கல்துண்டங்களும் கிடைத்தன. 2004 சுனாமிக்குப் பிறகு தொல்லியல் துறையின் கடலடிப் பிரிவும் அங்கே இறங்கியது. அந்த ஆழத்தில் அழுத்தம் 1.8 பார். தூய ஆக்சிஜனைத் தவிர எதைப் போட்டாலும் ஆபத்தில்லை. ஆகவே எதைப் போடுவது என்ற விவாதமே அங்கே அர்த்தமற்றது. அங்கே வேறு ஆபத்து. அலை கல்லில் மோதித் திரும்பும் இழுவை, கை நீட்டினால் விரல் தெரியாத கலங்கல், பாறையில் சிக்கி அறுந்து கிடக்கும் பழைய வலை. வலையில் மாட்டியவருக்குத் தேவை நேரம். 8 மீட்டரில் பதற்றத்தோடு சுவாசித்தாலும் 600 லிட்டர் 11 நிமிடம் வரும். கத்தியை எடுத்து நிதானமாக அறுக்க அது தாராளம்.

நேர் எதிரான உதாரணம் மட்டக்களப்பில் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் பிரிட்டனின் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை அந்தக் கரைக்கு அப்பால் மூழ்கடித்தன; 307 பேர் இறந்தனர். அது கிடக்கும் ஆழம் ஏறத்தாழ 53 மீட்டர். அதே நாளில் மூழ்கடிக்கப்பட்ட பிரிட்டிஷ் சார்ஜண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் பாசிக்குடா பக்கம் 24 மீட்டர் அளவில் கிடக்கிறது. ஒரே ஊர்ப் பயணத்தில் இரண்டையும் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. பாசிக்குடாவில் 36 சதவீத போனி பிரச்சினை இல்லை. மறுநாள் அதையே ஹெர்மிஸுக்குக் கொண்டுபோனால் பகுதி அழுத்தம் 2.27. காற்று என்றால் 1.32, ஆக்சிஜன் கணக்கில் சரி.

ஆனால் ஹெர்மிஸ் ஆழத்தில் காற்றுக் கட்சியும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நைட்ரஜன் மயக்கம் அங்கே கடுமை. அதைவிட மோசம் காற்றின் அடர்த்தி. சுவாசிக்கும் வாயு லிட்டருக்கு 6.2 கிராமுக்கு மேல் போனால் நுரையீரலால் கரியமில வாயுவைச் சரியாக வெளியேற்ற முடிவதில்லை என்று காவின் ஆண்டனியும் சைமன் மிட்செலும் 2016இல் எழுதினார்கள். காற்று அந்த எல்லையை 38, 40 மீட்டரிலேயே தொட்டுவிடுகிறது. 53 மீட்டரில் 8 கிராமைத் தாண்டும். அங்கே ஹீலியம் கலந்த டிரைமிக்ஸ் வேண்டும், முதுகிலும் அவசரச் சிலிண்டரிலும். ஹீலியத்தின் விலையைக் கேட்டுப் பின்வாங்குகிறவர்கள் அந்தக் கப்பலிலிருந்தும் பின்வாங்குவது நல்லது. மேலே வரும் வழியில் கட்டாய நிறுத்தங்களுக்கு 50 சதவீதமோ தூய ஆக்சிஜனோ தனிச் சிலிண்டர்களில் தேவை. மூன்றாவது கட்சியின் வாதம் செல்லுபடியாவது இங்கேதான். ஆனால் அது நிறுத்தச் சிலிண்டர், அவசரச் சிலிண்டர் அல்ல. முன்னது குறிப்பிட்ட ஆழத்துக்கு வந்தபின் நிதானமாகத் திறப்பது. பின்னது எந்த ஆழத்திலும் கண்ணை மூடிக்கொண்டு திறப்பது. ஒரே சிலிண்டரை இரண்டு வேலைக்கும் வைக்கப் பார்ப்பது சிக்கனம் மாதிரி தோன்றும். அதற்கான பயிற்சி பெற்றவர்கள் அதைச் செய்வதில்லை.

காற்று என்று முடிவுசெய்தால் எந்தக் காற்று என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. கம்ப்ரசரின் உறிஞ்சுகுழாய் அதன் எஞ்சின் புகைக்குப் பக்கத்தில் இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே போகும். ஐரோப்பியத் தரம் பத்து லட்சத்தில் 5 பங்கு வரைதான் அனுமதிக்கிறது. ஆழத்தில் அதன் வீரியம் அழுத்தத்துக்கேற்பப் பெருகும். ஈரம் புகுந்த எஃகுச் சிலிண்டரை நெடுநாள் வைத்திருந்தால் உள்ளே பிடிக்கும் துரு ஆக்சிஜனையே தின்றுவிடும். மானி நிறைந்த சிலிண்டரைக் காட்டும், உள்ளே மூச்சுக்கு உதவாத வாயு இருக்கும். ஆகவே போனியை அவ்வப்போது காலிசெய்து புதுக்காற்று நிரப்ப வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை திறந்து உள்ளே பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரி ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து கொஞ்சம் பிடித்துக் கலந்துகொள்ளலாம் என்ற யோசனை எங்காவது எழுந்தால் அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடுங்கள். எண்ணெய்ப் பிசுக்குள்ள குழாயில் அழுத்த ஆக்சிஜன் பாய்ந்தால் தீப்பிடிக்கும். அதற்கென்று சுத்தம் செய்த உபகரணமும் பயிற்சியும் உள்ளவர்கள் செய்யும் வேலை அது.

இவ்வளவும் பொழுதுபோக்காக முக்குளிப்பவர்களுக்கு. பிழைப்புக்காக முக்குளிப்பவர்கள் இதே கடலில் இருக்கிறார்கள். திருவிடந்தைக்குத் தெற்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இருக்கின்றன; கடலுக்குள் நீளும் அத்தகைய குழாய்களைப் பார்க்கவும் பழுது நீக்கவும் ஆள் இறங்கித்தான் ஆக வேண்டும். மேலிருந்து குழாய்வழிக் காற்று வாங்கி வேலை செய்பவருக்கு முதுகில் ஓர் அவசரச் சிலிண்டர் கட்டாயம் என்பது தொழில்முறை முக்குளிப்பில் பரவலாக ஏற்கப்பட்ட விதி. தூத்துக்குடி திரேஸ்புரத்திலிருந்து சங்குகுளிக்கப் போகிறவர்களின் நிலை வேறு. படகில் ஒரு கம்ப்ரசர், அதிலிருந்து நீளும் ஒரு குழாய், வாயில் ஒரு ரெகுலேட்டர். எஞ்சின் நின்றாலோ, குழாய் மடங்கினாலோ, இன்னொரு படகின் விசிறி அதை வெட்டினாலோ மூச்சு அங்கேயே அறுந்தது. 15 மீட்டரிலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்பவரின் நுரையீரலில் காற்று விரிந்து கிழிக்கும் ஆபத்து இருக்கிறது. அவருக்கு நைட்ராக்ஸா காற்றா என்ற விவாதம் வேண்டாம். 3 லிட்டர் சிலிண்டர் ஒன்று, அதில் சுத்தமான காற்று, கழுத்தில் ரப்பர் கயிற்றில் தொங்கும் இரண்டாவது ரெகுலேட்டர். 15 மீட்டர் ஆழத்தில் அது எட்டு நிமிடம் வரும். படகு எஞ்சினுக்கும் வலைக்கும் மானியம் தரும் மீன்வளத் துறை, சங்குகுளிக்கும் ஒவ்வொருவருக்கும் இதையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.